இடுப்பில் செருகிய பங்காளிக் காய்ச்சல்

முட்டாள்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அசிங்கம். போலீஸ்காரர்களே சாதாரணமாக இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்ளாத ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, சட்டைக்குள் தெரியாமல் வைத்துக்கொள்ளத் தோதான, விலை குறைந்த சின்னக் கைத்துப்பாக்கி எது என்று ஏழு மாதம் ஆராய்ச்சி செய்தேன். கணினியில் அட்டவணை போட்டேன். மதிப்பெண் கொடுத்தேன். முதல் மூன்று இடத்துக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று வண்ணம்கூட அடித்தேன். அதை இங்கே வாங்க முடியுமா, வாங்கினாலும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஆக்லாந்தின் லின்ஃபீல்ட் தெருவில் நடக்க விடுவார்களா என்ற கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் அடுத்தவன் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

எனக்கு எதிரிகள் கிடையாது. எதிரே நாய் வந்தால் நான் மறுபக்க நடைபாதைக்குப் போய்விடுவேன்; அது முயல்குட்டி அளவு நாயாக இருந்தாலும் சரி. எங்கள் தெருவில் நான் பார்த்த பெரிய குற்றம், எங்கள் மறுசுழற்சித் தொட்டியில் யாரோ தங்கள் பீட்சா அட்டைகளைப் போட்டுவிட்டுப் போனது. அப்படியென்றால் துப்பாக்கி எதற்கு? பொறாமைக்கு. வேறு காரணம் எதுவும் இல்லை.

என் மனைவிக்கு ஓர் அத்தை மகன் உண்டு. டெக்சாஸில் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்து வழக்கப்படி அவர் அவளுக்கு முறைமாப்பிள்ளை. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். பிறகு அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"ஜாதகம் சேரல" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பதினேழு வருஷமாக அந்த இரண்டு சொல்லை மென்றுகொண்டிருக்கிறேன். ஜாதகம் சேரவில்லை என்றால் மற்றதெல்லாம் சேர்ந்தது என்றுதானே அர்த்தம்?

அவர் நல்லவர். தொந்தரவே அதுதான். கெட்டவனாக இருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவர் மனைவி என் மனைவிக்கு ஊறுகாய்ப் பக்குவம் எழுதி அனுப்புகிறார். இந்த வயதிலும் தலை நிறைய முடி. என்னை "பிரதர்" என்பார். முறை பார்த்தாலும் அது சரிதான். மனைவியின் முறைமாப்பிள்ளை நமக்கு அண்ணன் தம்பி முறை, அதாவது பங்காளி. பங்காளிக் காய்ச்சலுக்கு உலகத்தில் எங்கும் மருந்து கிடையாது. இங்கே டாக்டரிடம் போனாலும் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்.

காய்ச்சலுக்கு மூலகாரணம் ஒரு சொல். அவரை அவள் "அத்தான்" என்று கூப்பிடுவாள். என்னை "ஏங்க" என்பாள். நான் சொந்தத்தில் வந்தவன் இல்லை. வேலூர்க்காரன், இணையத்தில் படம் பார்த்து அமைந்த வரன். "ஏங்க" என்பதில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். எங்கள் பக்கத்து இந்திய மளிகைக் கடையில் அவள் "ஏங்க" என்றால் நான்கு ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் ஒருவர் கடைக்காரர். "அத்தான்" என்றால் கடலுக்கு அப்பால் ஒரே ஒருவர்தான் திரும்ப முடியும்.

ஒருமுறை வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "என்னையும் ஒரு தடவை அத்தான்னு கூப்பிடேன்."

"ஐய, சிரிப்பு வருதுங்க" என்றாள். உண்மையிலேயே சிரித்தாள்.

எங்களுக்கு ஞாயிறு காலை பத்து மணி என்றால் அவருக்குச் சனிக்கிழமை பிற்பகல். வாராவாரம் அந்த நேரத்துக்கு வீடியோவில் வருவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க பக்கத்துல ரெண்டு வீட்ல திருடன் புகுந்துட்டான். கூடவே ஒண்ணு வச்சுக்கலாம்னு பாக்குறேன். சின்னதா, சட்டைக்குள்ள வெளிய தெரியாம இருக்கணும். ரொம்ப விலையும் கூடாது. மூணு பாத்து வச்சிருக்கேன், எது எடுக்கட்டும் சொல்லு."

"துப்பாக்கியப் பத்தி நான் என்னத்தச் சொல்ல அத்தான்?" என்று ஆரம்பித்து ஐம்பது நிமிஷம் சொன்னாள்.

"அந்தப் பழுப்பு வேண்டாம் அத்தான். அழுக்குத் தெரியாதுதான், ஆனா பாக்கவே அழுக்கா இருக்கு."

"அப்ப வெள்ளி?"

"வெள்ளி பளபளன்னு காட்டிக் குடுத்துரும். கறுப்பு எடுங்க. எல்லாச் சட்டைக்கும் போகும்."

பட்டுப்புடவை எடுப்பது போல ஒவ்வொன்றையும் திருப்பிக் காட்டச் சொன்னாள். அடிப்பக்கம் பார்த்தாள். பிடியில் இருந்த வரிகள் கையை உறுத்தாதா என்று கேட்டாள். என்னோடு பிரஷர் குக்கர் வாங்க வந்தபோது நான்கு நிமிஷத்தில், "எதையாவது எடுங்க, கால் வலிக்குது" என்றவள் இவள்தான்.

கண் எரிந்தது. வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்க முடியாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "குழல் எவ்வளவு நீளம்?" என்றேன்.

திரையில் அவர் முகம் மலர்ந்தது. "பிரதர்! உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"கொஞ்சம்" என்றேன்.

என் மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பதினேழு வருஷத்தில் அந்தப் பார்வை எனக்குப் புதிது. இந்த ஆளிடம் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறதோ என்கிற பார்வை. அந்த ஒரு பார்வை இன்னொரு தடவை வேண்டும் என்பதற்காகத்தான் அடுத்த ஏழு மாதமும்.

அன்றைக்கே ஆராய்ச்சி தொடங்கியது. படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது இதுதான்: துப்பாக்கி சிறுத்தால் மறைப்பது சுலபம், சுடுவது கஷ்டம். உடம்பு லேசாக இருந்தால் கையை உதறும். பிடி குட்டையாக இருந்தால் சுண்டு விரலுக்கு இடமில்லாமல் அது காற்றில் தொங்கும். சுடும் விசை ரொம்ப இலகுவாக இருந்தாலும் ஆபத்து, ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் குறி தவறும். துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாலும் அதைச் செருகும் உறையில் மிச்சம் பிடிக்கக் கூடாது. வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்து ஐம்பது தடவையாவது சுட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் படித்தபோது நான் கையில் பிடித்திருந்தது டி.வி. ரிமோட். சுண்டு விரலுக்கு அதில் தாராளமாக இடம் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவருக்கு என் அட்டவணையை விளக்கினேன். அவர் பார்த்த மூன்றும் வேண்டாம், விலையில் நடுத்தரமான நான்காவது ஒன்று இருக்கிறது என்றேன். "சூப்பர் பிரதர், சூப்பர்" என்று குறித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் அதையே வாங்கிவிட்டார். கறுப்பு நிறத்தில். கேமரா முன்னால் எழுந்து நின்று, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எங்க இருக்குன்னு சொல்லு பாப்போம்?"

"தெரியவே இல்ல அத்தான்!"

சட்டை நுனியை லேசாகத் தூக்கிக் காட்டினார். வலது இடுப்பில் குட்டியாக உட்கார்ந்திருந்தது. அவருக்குத் தொப்பையும் இல்லை என்பது அப்போதுதான் ஊர்ஜிதமானது.

அழைப்பு முடிந்ததும் என் மனைவி சொன்னாள்: "பாத்தீங்களா, அத்தான் எவ்வளவு விவரமாத் தேடி எடுத்திருக்காரு!"

தேடியது நான். விவரம் அவருக்கு. போதாக்குறைக்கு, ஜனவரியில் குடும்பத்தோடு ஆக்லாந்து வருவதாகவும் அன்றைக்குத்தான் சொன்னார். ஜனவரிக்குள் என் இடுப்பிலும் ஒன்று இருக்க வேண்டும், அதுவும் அவருடையதைவிடச் சின்னதாக, என்று முடிவு செய்தேன்.

என் மகள் சோபாவில் படுத்தபடி போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "டாட், தட்ஸ் லிட்ரலி இல்லீகல்" என்றாள். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாமே லிட்ரலி ஏதாவதுதான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருடையதைவிடச் சின்னதைத் தேடியே மாதங்கள் ஓடின. பிறகு ஒத்திகை. இடுப்பில் கனம் எப்படி இருக்கும் என்று பார்க்க, துவரம்பருப்பைத் தராசில் நிறுத்து, தோட்டா நிரப்பிய துப்பாக்கியின் எடைக்குச் சரியாக ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, பேண்ட்டில் செருகிக்கொண்டேன். மறைத்துவைக்க இடுப்பு என்று ஒன்று தனியாகத் தெரிய வேண்டும் என்ற உண்மை அப்போதுதான் விளங்கியது. எனக்கு மார்புக்குக் கீழே எல்லாம் ஒரே பிரதேசம். காரில் உட்கார்ந்தால் பருப்பு வயிற்றைக் குத்தியது. நடந்தால் மெதுவாகத் தொடைப்பக்கம் இறங்கியது. நான்காவது நாள் அலுவலகத்தில் ஒரு கிவி நண்பர், அதாவது இந்த நாட்டுக்காரர், தணிந்த குரலில், "ஹெர்னியா ஆபரேஷனா? அவசரப்படாதே, என் மாமனாருக்கு ஆறு வாரம் ஆச்சு" என்று ஆறுதல் சொன்னார்.

அந்த வாரம் கோயிலில் விசேஷம். வேட்டியில் எப்படி இருக்கும் என்றும் பார்த்துவிடலாமே என்று பருப்பை மடியில் கட்டிக்கொண்டு போனேன். நம்முடைய ஆட்களுக்கு மறைத்து வைப்பது புதிதா என்ன? மடி என்று ஒரு இடத்தையே அதற்காக வைத்திருக்கிறோம். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று பழமொழியும் சொல்லிவைத்திருக்கிறோம். எனக்குக் கனமும் இருந்தது, பயமும் இருந்தது. தீபாராதனை ஆனதும் எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். பழக்கதோஷத்தில் நானும் தொபீர் என்று விழுந்தேன்.

பை வெடித்தது. எழுந்தபோது வேட்டிக்குள்ளிருந்து துவரம்பருப்பு சரசரவென்று கொட்டியது. பளிங்குத் தரையில் அது நான்கு திசையும் ஓடிய ஓட்டம் இருக்கிறதே. குருக்கள் மந்திரத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். பெண்கள் வரிசையில் நின்ற என் மனைவி, இவர் யாரோ என்பது போல அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பக்கத்தில் விழுந்து கும்பிட்டு எழுந்தவர் யாழ்ப்பாணத்து நண்பர். இங்கே பஸ் ஓட்டுகிறார். என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனால் பத்து வயது நிதானமானவர். குனிந்து பருப்பைக் கூட்டி அள்ள உதவிக்கொண்டே கேட்டார்: "என்ன அண்ணை, நேர்த்திக்கடனோ?"

வெளியே செருப்பு விடும் இடத்தில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அக்கம்பக்கம் ஆட்கள் இருந்ததால் துப்பாக்கி என்பதை மட்டும் வாயால் சொல்லாமல், ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் நீட்டிக் காட்டினேன்.

"துவக்கோ?" என்றார்.

"ஆமா, சீக்கிரமே துவக்கணும். ஜனவரிக்குள்ள."

"இல்லை அண்ணை, துவக்கோ எண்டு கேட்டனான்."

"அதான் சொல்றேனே, நாளைக்கேகூட துவக்கலாம்."

 அவர் நான் காட்டிய மாதிரியே விரலை நீட்டி, "இது. துவக்கு. இதை நீங்கள் வாங்கப் போறியளோ?" என்றார்.

எங்கள் ஊரில் துவக்கு என்றால் ஆரம்பிப்பது. விழாவைத் துவக்குவோம், பள்ளிக்கூடத்துக்குத் துவக்கப் பள்ளி என்று பெயர் வைப்போம். அவர்கள் ஊரில் துவக்கு என்றால் துப்பாக்கி. பதினான்கு வருஷமாக இவரோடு பேசிப் பழகியும், இந்தச் சொல் எங்கள் நடுவே வராமலே இருந்திருக்கிறது. அது ஏன் வரவில்லை என்று யோசித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் கேட்டேன்:

"நீங்க அங்க நிறையப் பாத்திருப்பீங்களே. சின்னதுல எது நல்லா இருக்கும்?"

கேட்ட கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஷூவைப் போட்டு, கயிற்றை இரட்டை முடிச்சாக இறுக்கினார்.

"ஓம், பாத்தனான். வாய்ப்பக்கமா மட்டும்தான் பாத்தனான், அண்ணை. பிடிப்பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது."

 அவரே என்னைக் காப்பாற்றினார். மற்ற ஷூவையும் மாட்டிக்கொண்டு எழுந்து, "இங்க பஸ்ஸில ஏறுற ஒருத்தரிட்டையும் துவக்கு இல்லை எண்ட சந்தோசத்திலதான் நான் காலமை வேலைக்குப் போறனான். நீங்கள் ஏறினா இனிப் பருப்புக்கும் சேர்த்து டிக்கெட் போடவேணும்" என்று சிரித்தார்.

அறிவுள்ளவன் அன்றைக்கே விட்டிருப்பான். நான் மறு வாரம் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றின் அறிமுக நாளுக்குப் போனேன். வாசலில் ஓர் அம்மாள் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அன்பாக வரவேற்றார். பக்கத்தில் ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன மாதிரி துப்பாக்கியில் ஆர்வம் என்று அந்த அம்மாள் கேட்டார். நான் ஏழு மாத அறிவு முழுவதையும் திரட்டி, சட்டைக்குள் மறைத்து வைக்கத் தோதான, குழல் குட்டையான, விலை குறைந்த ஒன்று என்றேன்.

ஏழெட்டுத் தலைகளும் என் பக்கம் திரும்பின. யாரோ பிஸ்கட்டைக் கடிப்பது கேட்டது.

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நர்சரி பிள்ளையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இந்த நாட்டில் கைத்துப்பாக்கி இலக்கைச் சுட்டுப் பழக மட்டும்தான். முதலில் சாதாரண உரிமம், பிறகு மாதக்கணக்கில் கிளப் பயிற்சி, பிறகு கைத்துப்பாக்கிக்குத் தனி அனுமதி. வீட்டில் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும், பூட்டியபடியே இங்கே கொண்டுவர வேண்டும். தற்காப்புக்கு என்று சொன்னால் அந்த நிமிஷமே கதவு மூடிவிடும். இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க யாருக்கும் அனுமதி இல்லை. "பேண்ட்டில் வைக்கிற எண்ணம் இருந்தால் தயவுசெய்து டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்" என்று புன்னகையோடு முடித்தார். டீ நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம், "நீ சொன்னது சரி" என்றேன். அவள், "ஐ நோ" என்றாள்.

ஆனால் பொறாமைக்கு ஒரு கதவு மூடினால் ஜன்னல் தெரியும். இடுப்பில் துப்பாக்கி முடியாது. பர்சில் உரிமம்? சாதாரண உரிமத்துக்கு விண்ணப்பம் போடலாமே! ஜனவரியில் அவர் வரும்போது சாப்பாட்டு மேசையில் பர்சைத் திறந்து, அலட்சியமாக அந்த அட்டையை வெளியே எடுத்து... அதற்கு மேல் யோசிக்க முடியாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

விண்ணப்பத்தில் ஒரு சிக்கல். அதிகாரி வீட்டுக்கே வந்து என்னை விசாரிப்பார். அதன் பிறகு, கூட வாழ்கிறவரையும் தனியாக விசாரிப்பார். இந்த ஆளை நம்பித் துப்பாக்கி கொடுக்கலாமா என்று என் மனைவியிடம் கேட்பார்கள். படிவத்தில் அவள் பெயரை ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதினேன். பதினேழு வருஷத்தில் என்னைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று அரசாங்கம் அதிகாரபூர்வமாகக் கேட்கப்போகிறது. எனக்கே கேட்கத் தைரியம் வராத கேள்வி அது.

"எதுக்குங்க இது?" என்றாள் படிவத்தைப் பார்த்துவிட்டு.

"விளையாட்டுக்கு. குறி பாத்துச் சுடுறது."

"விளையாட்டு? நீங்க?"

"அவங்க வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லுவேன்."

 அடுத்த மூன்று வாரம் நான் நடந்துகொண்ட விதத்தை வெளியே சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். சொல்லாமலே குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளினேன். அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கியின் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்தேன். உப்பில்லாத ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். அவளே ஒருநாள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலை அதிகாரி வந்தார். ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண்மணி. வாசலிலேயே அவராகக் காலணியைக் கழற்றியதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. முறுக்கு வைத்தோம். ஒன்றைக் கடித்துக்கொண்டே சிரித்த முகமாகக் கேள்வி கேட்டார். உடம்பு எப்படி, தூக்கம் எப்படி, குடிப்பது உண்டா, வேலையில் சண்டை உண்டா. எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னேன். திடீரென்று, "பொறாமை அதிகமுள்ளவர் என்று யாராவது உங்களைச் சொன்னதுண்டா?" என்றார்.

"இல்லை" என்றேன். கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் முறுக்கை வைத்துவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். "இல்லை" என்பதற்கு அத்தனை வரி தேவையா என்று எனக்குப் புரியவில்லை.

"இனி உங்கள் மனைவியோடு தனியாகப் பேசலாமா?"

பின்பக்கத் தோட்டத்துக்குப் போனேன். எலுமிச்சை மரத்தடியில் நின்று, ஏற்கெனவே பறித்து முடித்த மரத்தில் காய் தேடினேன். கண்ணாடிக் கதவு வழியாக இருவரும் தெரிந்தார்கள், சத்தம் கேட்கவில்லை. என் மனைவி விரல் விட்டு ஏதோ எண்ணினாள். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனாள். என் நல்ல குணங்கள் ஆறு இருக்க வாய்ப்பில்லை என்பதால் எனக்கு வியர்த்தது. அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு என் மனைவி எழுந்து நின்றாள். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். குர்த்தாவின் ஓரத்தை இடுப்புப் பக்கம் லேசாகத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே, மூடிய கதவையும் தாண்டி ஒரே ஒரு சொல் மட்டும் தெளிவாக என் காதில் விழுந்தது.

"அத்தான்."

அவளோடு நாற்பது நிமிஷம். என்னோடு பேசியது பதினைந்து. போகும்போது அதிகாரி என் கையைக் குலுக்கி, "உங்கள் மனைவி ரொம்ப நேர்மையானவர்" என்றார். எந்த மொழியில் சொன்னாலும், புருஷன்காரனுக்கு அது நல்ல சகுனம் இல்லை.

கார் தெருமுனை திரும்பும் வரை பொறுத்தேன்.

"என்ன கேட்டாங்க?"

"உங்களைப் பத்தித்தான்."

"என்ன சொன்ன?"

"நல்ல மனுஷன்னு சொன்னேன். குடிக்க மாட்டாரு, கை ஓங்க மாட்டாரு, கோபம் வந்தா வெளிய போய்க் காரைக் கழுவுவாருன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"துப்பாக்கி மட்டும் குடுத்துராதீங்கன்னு சொன்னேன்."

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். அவள் முறுக்குத் தட்டை மூடி வைத்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை.

"ஏன்?"

"பொறாமைல வாங்குறவருக்கு எதுக்குங்க துப்பாக்கி? உங்க அட்டவணையப் பாத்தேன். கடைசிக் கட்டத்துக்கு மேல 'அவருடையதைவிடச் சின்னதா?'ன்னு தலைப்புப் போட்டிருக்கீங்க. யாருடையதைவிடன்னு அவங்க கேட்டாங்க, சொன்னேன்."

ஆக, இவளுக்கு எல்லாம் தெரியும். பருப்பு கொட்டிய அன்றைக்கே தெரிந்திருக்கும். வெங்காயம் உரித்த அன்றைக்கேகூடத் தெரிந்திருக்கலாம். வெட்கப்பட வேண்டிய நேரம்தான் அது. எனக்கோ நெஞ்சுக்குள் அந்தப் பழைய காய்ச்சல் குப்பென்று ஏறியது.

"உங்க அத்தானுக்குக் கலர் முதற்கொண்டு பாத்துச் சொன்னியே. அவரைப் பத்தி இதே மாதிரி ஒரு ஆபீசர் வந்து உன்கிட்ட கேட்டிருந்தா?"

"தாராளமாக் குடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

யோசிக்கக்கூட இல்லை. குக்கர் வாங்கிய வேகத்தில் சொன்னாள். பதினேழு வருஷமாக எந்தப் பதிலுக்குப் பயந்துகொண்டிருந்தேனோ, அது நட்டநடு வீட்டில், பட்டப்பகலில் வந்து உட்கார்ந்துவிட்டது. என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"அவருன்னா குடுக்கலாம், நான்னா கூடாதா?"

அதிகாரி குடித்து வைத்த கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனவள், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"அவர்கூடவா நான் குடித்தனம் பண்றேன்?"